மூன்று இரவுப் பயணமும் வெள்ளவத்தைப் பிளாட்டின் அலுமாரிகளும்

விடுமுறை முடிந்து கொழும்புக்குத் திரும்புகிறவர்கள் மலையைப் புகழ்வார்கள், கடலைப் புகழ்வார்கள். தங்கிய வீட்டில் ஆறு பீங்கானும் மூன்று சட்டியும் மட்டுமே இருந்ததை யாரும் சொல்வதில்லை. வீட்டில் சமைக்கிறவருக்கு ஓய்வு கிடைத்ததோ பெரும்பாலும் அதனால்தான். கழுவ ஆறு பீங்கான், மடிக்க ஆளுக்கு நாலு உடுப்பு, இரவுச் சாப்பாட்டுக்கு யோசிக்க இரண்டே வழி. மலைக்காற்றை வெள்ளவத்தைக்கு ஏற்றி வர முடியாது. இந்தக் கணக்கைக் கொண்டுவந்து வீட்டுச் சாமானைக் குறைக்கலாம்.

அதற்குப் பயணத்தையே அந்தக் கணக்கு தெரியும்படி அமைக்க வேண்டும். பஃபே உள்ள ஹோட்டலில் இரண்டு நாள் நன்றாகவே ஓய்வெடுக்கலாம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் யாரோ சமைத்து, யாரோ கழுவி, யாரோ விரித்த கட்டிலில் படுத்துவிட்டு வந்தால் உங்கள் குடும்பம் நாலு நாள் வாழ எவ்வளவு சாமான் போதும் என்பது தெரியவராது. குசினியோடு கூடிய வாடகை வீடு அல்லது சர்கிட் பங்களா எனப்படும் அரச தங்குமிடம்தான் இதற்குப் பொருத்தம். அரச திணைக்களங்கள் பலவற்றுக்கு நாடெங்கும் சர்கிட் பங்களாக்கள் இருக்கின்றன. சொந்தக்காரர் யாராவது அரச உத்தியோகத்தில் இருந்தால் அவர் மூலம் பதிவு செய்யலாம். பெரும்பாலான இடங்களில் ஒரு காவலாளி இருப்பார். சாமான் வாங்கிக் கொடுத்தால் சமைத்தும் தருவார். அவருக்குத் தனியாகக் கை நிறையக் கொடுத்துவிட்டு வருவது வழக்கம்.

எங்கே, எந்த மாதம்

பாடசாலை விடுமுறை வழக்கமாக ஏப்ரல், ஓகஸ்ட், டிசெம்பர் மாதங்களில் வரும். மூன்றுக்கும் ஒரே இடம் பொருந்தாது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. அந்தக் காலத்தில் பெந்தோட்டை, ஹிக்கடுவை, மிரிஸ்ஸ பக்கக் கடல் கொந்தளிக்கும், இழுவையும் கடுமை. அறை மலிவாகக் கிடைக்கிறதே என்று ஓகஸ்டில் அங்கே போனால் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்க முடியாமல் நாள் முழுக்கக் கண்காணிப்பிலேயே கழியும். ஓகஸ்டுக்குக் கிழக்கு: நிலாவெளி, பாசிக்குடா. பாசிக்குடாவில் கரையிலிருந்து நெடுந்தூரம் வரை ஆழம் குறைவு, அலையும் மெல்லியது. சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு அதைவிட நல்ல கடல் கிடையாது. டிசெம்பரில் நிலைமை மாறிவிடும். வடகீழ்ப் பருவமழை கிழக்கை நனைக்கும், தென்மேற்குக் கரை அமைதியடையும்.

ஏப்ரலில் நுவரெலியாவைத் தவிர்க்கலாம். சீசனில் அறை விலையும் ஏறும், வாகன நெரிசலும் ஏறும், குளிருக்காகப் போனவர்கள் வாகனப் புகைக்குள் நிற்பார்கள். பண்டாரவளையும் ஹப்புத்தளையும் அதே காலத்தில் ஒப்பீட்டளவில் அமைதியாக இருக்கும். ஒக்டோபர் தொடங்கி ஆண்டு முடிவு வரை மலைநாட்டுக்குப் போகிறவர்கள் புறப்படும் முதல்நாளும் அன்று காலையும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்க்க வேண்டும். பதிவுப் பணம் போய்விடுமே என்று எச்சரிக்கையை மீறிப் போவது முட்டாள்தனம்.

தூரத்தைக் கிலோமீற்றரில் பார்க்காதீர்கள், மணித்தியாலத்தில் பாருங்கள். கொட்டாவையில் அதிவேகப் பாதை ஏறினால் மாத்தறை இரண்டு மணித்தியாலச் சங்கதி. ஹப்புத்தளை கிட்டத்தட்ட 190 கிலோமீற்றர்தான், ஆனால் வளைவுப் பாதையில் ஐந்து ஆறு மணித்தியாலம் பிடிக்கும், பின் சீட்டில் ஒரு பிள்ளையாவது சத்தி எடுக்கும். மூன்று இரவுக்கு ஒரு வழி ஆறு மணித்தியாலம் என்பதே மேல் எல்லை. இரண்டு இரவு மட்டும் என்றால் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் போகவே வேண்டாம். முதல் நாள் பயணக் களைப்பில் போகும், கடைசி நாள் மூட்டை கட்டுவதில் போகும், நடுவில் மிஞ்சுவது ஒரு நாள்தான்.

ரயில் என்றால் ஆசனப் பதிவு 30 நாட்களுக்கு முன் திறக்கும். மலைநாட்டுப் பாதைக்கும், நீண்ட வார இறுதிகளுக்கும் திறந்த அன்றே முடிந்துவிடுவது வழக்கம் என்பதால் திகதியைக் குறித்துவைத்து அன்று காலையிலேயே பதிய வேண்டும். வான் பிடித்தால் மூன்று கேள்விகளை முதலிலேயே கேட்க வேண்டும்: ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீற்றர் வாடகைக்குள் அடங்கும், அதற்கு மேல் கிலோமீற்றருக்கு என்ன விலை, சாரதியின் இரவுப் படியும் சாப்பாடும் யார் பொறுப்பு. தங்கும் வீட்டில் சாரதிக்குப் படுக்க இடம் உண்டா என்பதை வீட்டுக்காரரிடம் கேட்க மறந்தால், இரவு ஒன்பது மணிக்கு அவருக்கு அறை தேடி அலைய வேண்டிவரும். அல்லது அவர் வானுக்குள் தூங்குவார், மறுநாள் அதே கண்களோடு மலைப்பாதையில் ஓட்டுவார்.

வீட்டுக்காரரிடம் இன்னும் கேட்க வேண்டியவை: கட்டில் எத்தனை, நுளம்பு வலை உண்டா, சுடுதண்ணீர் எந்த அறைக்கு, குடிதண்ணீர் எங்கிருந்து, கேஸ் அவர்களுடையதா, குளிர்சாதனப் பெட்டி வேலை செய்கிறதா. அம்மம்மாவோ தாத்தாவோ வருவதானால் கீழ்த்தளத்தில் அறையும், உட்காரக்கூடிய கொமட்டும் உள்ளதா என்பதுதான் முதல் கேள்வி. அவர்களின் மருந்தை மூன்று இரவுப் பயணத்துக்கு ஐந்து நாளைக்கு எடுக்க வேண்டும், கிளினிக் கொப்பியையும் சேர்த்து. போயா நாளில் இறைச்சியும் மதுவும் விற்கமாட்டார்கள். பயணத்துக்குள் போயா வந்தால் கோழியை முதல்நாளே வாங்கிவிடுங்கள், அல்லது அன்றைக்கு மரக்கறி என்று முடிவுசெய்துவிடுங்கள்.

மூட்டையும் சாமானும்

ஆளுக்கு ஒரு பை. அது முதுகில் அல்லது தோளில் தூக்கக்கூடியதாக இருக்க வேண்டும், பிள்ளையின் பையைப் பிள்ளையே தூக்க வேண்டும். கரையோரத்துக்கு மூன்று சோடி உடுப்பு போதும்: ஒன்று உடம்பில், ஒன்று கொடியில், ஒன்று கையில். மலைக்கு நாலு, ஏனென்றால் அங்கே துவைத்தது மறுநாளும் ஈரமாக இருக்கும். ஆளுக்கு ஒரு துவாய், ஒரு சோடி செருப்பு, ஒரு சப்பாத்து. ஈரக்காலத்தில் மலைக்காட்டுப் பக்கம் நடப்பதானால் அட்டைக்கு உப்புப் பொட்டலம் ஒன்று.

நாலு பேர், முதல் நாள் பின்னேரம் போய் நாலாம் நாள் காலை புறப்படுவது என்றால் எட்டு வேளைச் சாப்பாடு. அதில் சோறு நாலு வேளை. இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளைகள் கொண்ட வீட்டில் ஒரு வேளைக்கு ஏறத்தாழ 400 கிராம் அரிசி. காவலாளியையும் சாரதியையும் சேர்த்துக் கணக்கிட்டால் மொத்தம் இரண்டரைக் கிலோ. மைசூர்ப் பருப்பு அரைக் கிலோ, முட்டை பன்னிரண்டு, உருளைக்கிழங்கு ஒரு கிலோ, வெங்காயம் ஒரு கிலோ, தேங்காய் மூன்று, கறித்தூள் 100 கிராம், சின்னப் போத்தல் எண்ணெய், உப்பு, தேயிலை 100 கிராம், சீனி அரைக் கிலோ, 400 கிராம் பால்மா ஒரு பைக்கற். மீனும் மரக்கறியும் பாணும் போகிற ஊரிலேயே வாங்கலாம். கரையோரத்தில் காலையில் வள்ளம் வரும் நேரத்தைக் காவலாளியிடம் கேட்டு வைத்தால் வெள்ளவத்தைச் சந்தையை விடப் புதிய மீன் கிடைக்கும், மலிவாகவும் இருக்கக்கூடும்.

மலையில் சமைக்கும்போது ஒரு விடயம் பலருக்குப் பிடிபடுவதில்லை. ஏறத்தாழ 300 மீற்றர் உயரத்துக்கு ஒரு பாகை வீதம் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலை குறையும். ஹப்புத்தளை சுமார் 1,400 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே தண்ணீர் 95 பாகைக்கு அண்மையிலேயே கொதித்துவிடும். அடுப்பைக் கூட்டினால் தண்ணீர் வற்றுமே தவிரச் சூடு ஏறாது. கடலையும் கௌபியும் மணிக்கணக்கில் வேகாமல் நிற்பது இதனால்தான். அவற்றை முதல்நாள் இரவே ஊறவைக்க வேண்டும், அல்லது பிரஷர் குக்கரைக் கொண்டுபோக வேண்டும். பருப்புக்குப் பத்து நிமிடம் கூடக் கொடுத்தால் போதும்.

போன இடத்தில் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போனால் ஓய்வு அங்கேயே முடிந்தது. ஒரு நாளைக்கு ஒரு வெளிப்பயணம், அதுவும் மதியத்துக்கு முன். மற்ற நேரம் வீட்டில். பிள்ளைகள் முதல் நாள் பின்னேரம் "சலிப்பாக இருக்கு" என்பார்கள். அதற்கு உடனே போனை எடுத்துக் கொடுக்காமல் இரண்டு மணித்தியாலம் பொறுத்தால் அவர்களே கல்லும் குச்சியும் தேடிப் போவார்கள். ஒரு கடதாசிக்கட்டும் கரம் பலகையும் இருந்தால் பெரியவர்களும் போனை மறப்பார்கள்.

கடைசி நாள் காலைப் பட்டியல்

இந்தப் பயணத்தின் முக்கியமான வேலை இதுதான், அரை மணித்தியாலம் எடுக்கும். புறப்படும் காலை, பையில் அடைக்கும் முன், ஒவ்வொருவரும் கொண்டுவந்ததைக் கட்டிலில் பரப்பி மூன்றாகப் பிரிக்க வேண்டும்: தினமும் பாவித்தது, ஒருமுறை பாவித்தது, தொடவே இல்லை. ஒவ்வொரு குவியலையும் போனில் படம் எடுங்கள். குசினியிலும் அப்படியே, எந்தச் சட்டி, எத்தனை கரண்டி, எத்தனை கோப்பை, தீர்ந்துபோன சாமான் எது, மிஞ்சியது எது. பிறகு ஒரு தாளில், தேடியும் கிடைக்காமல் கஷ்டப்பட்டவற்றை எழுதுங்கள். நல்ல கத்தி இல்லை, தேங்காய் துருவ ஒழுங்கான துருவலை இல்லை, அம்மம்மாவுக்கு முதுகுக்குத் தலையணை இல்லை என்பது போல. இந்தத் தாள் முதல் பட்டியலை விடப் பெறுமதியானது. வீட்டில் எதைத் தொடக்கூடாது என்று அது சொல்லும். நல்ல கத்தி ஒன்று பத்து மொட்டைக் கத்திகளை வெளியே அனுப்பும்.

படமும் தாளும் இல்லாமல் மனதில் வைத்துக்கொண்டு வந்தால் பம்பலப்பிட்டி தாண்டுவதற்குள் மறந்துவிடும். திரும்பிய முதல் வாரத்துக்குள் வீட்டுச் சாமானைக் குறைக்கும் வேலையைத் தொடங்காவிட்டாலும் பெரும்பாலும் அது நடக்காது.

விடுமுறை வீட்டுக்கு இல்லாத சுமைகள்

இங்கே ஓர் எச்சரிக்கை. குறைத்து வாழ்வது பற்றி வெளிநாட்டுக்காரர் செய்யும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு அப்படியே வீட்டைக் காலி செய்யத் தொடங்கினால் கொழும்புத் தமிழ் வீட்டில் சண்டைதான் வரும், நியாயமாகவே வரும். விடுமுறை வீட்டுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து விசா நேர்முகத்துக்கு ஆறு பேர் வருவதில்லை. அங்கே காணி உறுதியை வைத்திருக்கத் தேவையில்லை. அங்கே 2022 இல்லை.

2022 இல் கேஸ் வரிசையில் நின்றவர்கள், பால்மாவுக்குக் கடை கடையாக அலைந்தவர்கள், மார்ச் 31 அன்று 13 மணித்தியால மின்வெட்டுக்குள் சமைத்தவர்கள் கொஞ்சம் சேர்த்து வைக்கிறார்கள் என்றால் அது பேராசையல்ல. ஒரு மேலதிக கேஸ் சிலிண்டர், ஒரு மாத அரிசி, ஒரு மாதப் பருப்பு, மெழுகுதிரி, டோர்ச் ஆகியவை இருக்கட்டும். வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது: சுழலும் சேமிப்பும் கெட்டுப்போகும் சேமிப்பும். புதிதாக வாங்கிய பைக்கற் பின்னால், பழையது முன்னால் என்று வைத்து, ஒவ்வொரு பைக்கற்றிலும் வாங்கிய மாதத்தை மார்க்கரால் எழுதினால் சேமிப்பு சுழலும். அரிசி வாளிக்குள் புதிய அரிசியைப் பழையதன் மேலேயே கொட்டுவதுதான் வண்டுக்குக் காரணம். அடியில் இருப்பது மாதக்கணக்கில் வெளியே வருவதேயில்லை. வாளியை ஒருமுறை முழுதாகக் காலிசெய்து, துடைத்து, வெயிலில் காயவைத்துப் பிறகு நிரப்புங்கள். விருந்தாளி கொண்டுவந்த சூப் பைக்கற், பெயர் தெரியாத சோஸ், எப்போதோ செய்ய நினைத்த கேக்குக்கு வாங்கிய பவுடர் என்பவை சேமிப்புக் கணக்கில் வராது. நெருக்கடி வந்தாலும் அதை யாரும் சாப்பிடப்போவதில்லை.

பத்திரங்கள் விடயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 1983, 1990, 1995 என்று கலவரத்திலும் போரிலும் ஓடி ஓடி எல்லாவற்றையும் இழந்த குடும்பங்களில் ஒரு துண்டுக் காகிதத்தைக் கூடத் தூக்கி எறிய மனம் வராது. அந்த மனதோடு சண்டை பிடிக்க வேண்டாம். எறிவதற்குப் பதிலாக ஒழுங்காக்கினால் பாதி இடம் மிஞ்சும். ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் கோப்பு, வீட்டுக்கென்று ஒன்று. ஆள் கோப்பில் பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், பழைய கடவுச்சீட்டு உட்பட எல்லாக் கடவுச்சீட்டுகளும், பாடசாலை விடுகைப் பத்திரம், பரீட்சைப் பெறுபேறுகள், வேலைக் கடிதங்கள். வீட்டுக் கோப்பில் உறுதி, வாடகை ஒப்பந்தம், வரி ரசீது. மின்சார, தண்ணீர் பில்கள் ஒரு வருடத்துக்குரியவை போதும். பழைய வங்கிக் கணக்குப் புத்தகங்களைக் கணக்கு மூடப்பட்டதா என்று உறுதி செய்யாமல் எறியாதீர்கள். மறந்துபோன பணம் அங்கே கிடக்கலாம். எல்லாவற்றையும் போனில் ஸ்கேன் செய்து ஒரு பிரதியை வெளியூரில் இருக்கும் நம்பிக்கையான உறவினரிடம் கொடுத்து வையுங்கள். மூலச் சான்றிதழை லமினேட் செய்ய வேண்டாம். பின்னால் அதன்மேல் முத்திரை குத்தி உறுதிப்படுத்த வேண்டி வந்தால் முடியாது. ஈரத்தில் உள்ளே பூஞ்சணம் பிடித்தாலும் பிரித்தெடுக்க வழியில்லை.

மெத்தைகள். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வீடு இருந்தால் அது பாதி விடுதிதான், விமான நிலையத்துக்குப் போகிற ஒவ்வொரு சொந்தக்காரரும் ஓர் இரவு தங்குவார்கள். ஆகவே விருந்தாளிப் பங்கை வெட்டாதீர்கள், அளவு வையுங்கள்: மடிக்கும் மெத்தை இரண்டு, பாய் இரண்டு, தலையணை நாலு, விரிப்பு நாலு, துவாய் நாலு. எல்லாம் ஒரே இடத்தில். விருந்தாளிப் பீங்கான் பன்னிரண்டு, ஒரு பெட்டிக்குள், கட்டிலுக்கு அடியில். அதற்கு மேல் வந்தால் கீழ் வீட்டில் கேட்டு வாங்கலாம். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் விட்டுப்போன பெரிய சூட்கேஸ்கள்தான் இந்த வீடுகளில் அதிக இடம் தின்பவை. பூட்டும் சில்லும் ஒழுங்காக உள்ள இரண்டை வைத்துக்கொண்டு ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்குங்கள். மற்றவை அடுத்து ஊருக்குப் போகிறவரோடு போகட்டும்.

குசினியும் அலுமாரியும்

இனி வெட்டலாம். குசினியில் தொடங்குங்கள், அதுவும் பீங்கானில். நாலு பேர் வீட்டில் நாளாந்தப் பாவனைக்கு ஆறு பீங்கான், ஆறு தேத்தண்ணிக் கோப்பை, ஆறு கிளாஸ் மட்டும் தட்டில் இருக்கட்டும். சிங்கில் சாமான் குவிவதற்குக் காரணம் சோம்பல் என்று பிள்ளைகளைத் திட்டுகிறோம். அலுமாரியில் இருபத்துநாலு கோப்பை இருந்தால் இருபத்துநாலும் அழுக்காகும் வரை யாரும் கழுவத் தேவையில்லை, அவ்வளவுதான். ஆறு இருந்தால் அடுத்த தேத்தண்ணிக்கு ஒன்றைக் கழுவியே ஆக வேண்டும். பங்களாவில் பிள்ளை தானாகக் கழுவியிருந்தால் அதன் இரகசியம் இதுவே.

மிஞ்சியதை எறிய வேண்டாம். கடதாசிப் பெட்டியில் போட்டு, ஒட்டி, மேலே திகதி எழுதி அலுமாரிக்கு மேல் வையுங்கள். அடுத்த பாடசாலை விடுமுறை வரை திறக்கத் தேவைப்படாத பெட்டி, தேவைப்படாத பெட்டி. ஒன்றிரண்டு பொருளுக்காகத் திறந்தால் அந்தப் பொருளை மட்டும் வெளியே எடுத்துவிட்டு மறுபடி ஒட்டுங்கள். இடியப்ப உரல், பிட்டுக் குழல், அரைக்கும் இயந்திரம் போன்றவை பங்களாப் பட்டியலில் இருக்காது. அவை வாரம் ஒருமுறையாவது பாவிக்கப்பட்டால் இருக்க வேண்டியவைதான். மூன்று பிளெண்டரில் இரண்டு பழுதாகிக் கிடந்தால் அதற்கு வேறு நியாயம் தேவை. கடலோரமாக ஓடும் மெரின் டிரைவ் பக்க வீடுகளில் பாவிக்காத மின்சாதனம் சும்மா கிடந்தே கெடும். உப்புக்காற்று உள்ளே போய் இணைப்புகளைத் துருப்பிடிக்க வைக்கும், தேவைப்படும் அன்று அது வேலை செய்யாது.

உடுப்பு அலுமாரிக்குக் கொழும்பில் இன்னொரு கணக்கும் உண்டு, அது பூஞ்சணம். இந்த ஊரின் காற்றில் ஈரம் எப்போதும் அதிகம். உடுப்புகளுக்கு நடுவே காற்று ஓடாவிட்டால் வெள்ளை படரும். அலுமாரியில் கையை நீட்டினால் உடுப்புகளுக்கு இடையில் தடையின்றிப் போய்வர வேண்டும், அதுதான் அளவு. அலுமாரியைச் சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் தள்ளி வையுங்கள், குறிப்பாக மழை அடிக்கும் வெளிச்சுவர் என்றால். ஸ்திரி போட்ட சூட்டோடு உடனே அடுக்காதீர்கள். அந்த உடுப்பில் ஆவி இருக்கும், மணித்தியாலம் ஒன்று கொடியில் தொங்கவிட்டு வையுங்கள். பட்டுச் சேலைகளைப் பொலித்தீன் உறையிலிருந்து எடுத்துப் பழைய வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் சரிகை அந்தக் கோட்டிலேயே முறியும்.

எண்ணிக்கை என்று கேட்டால்: பாடசாலைச் சீருடை மூன்று, ஏனென்றால் மழைநாளில் வெள்ளைச் சேர்ட் ஒரே இரவில் காயாது. கட்டிலுக்கு விரிப்பு மூன்று சோடி, அதே காரணத்துக்காக. துவாய் ஆளுக்கு இரண்டு. வீட்டில் போடும் உடுப்பு ஐந்து சோடி. கோயிலுக்கும் கல்யாண வீட்டுக்கும் போடுவதை யாரும் எண்ண வேண்டாம், அதைத் தொட்டால் வேலையே நின்றுவிடும்.

நிற்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. முழு வீட்டையும் ஒரே சனிக்கிழமையில் செய்யப் புறப்பட்டால் பின்னேரம் நாலு மணிக்கு எல்லாக் கட்டிலும் மலை மலையாகக் குவிந்திருக்கும், இரவு படுப்பதற்காக எல்லாவற்றையும் திரும்ப அடைப்பார்கள். ஒரு தடவைக்கு ஒரு தட்டு அல்லது ஒரு லாச்சி, ஒரு மணித்தியாலம். அடுத்தது, வேலையைத் தொடங்கும் முன்பே புறக்கோட்டைக்குப் போய்ப் பிளாஸ்டிக் பெட்டிகள் வாங்கிக் குவிப்பது. சாமானைக் குறைத்தபின் பெட்டி தேவைப்படாது. இறுக மூடிய பெட்டிக்குள் ஈரமும் சேர்ந்து மூடப்படும். மூன்றாவதும் மோசமானதும், மற்றவருடைய சாமானில் கை வைப்பது. கணவரின் பழைய கோப்புகளும் மாமியின் எவர்சில்வர்ப் பாத்திரங்களும் அவரவர் கையாலேயே போக வேண்டும். மாமியிடம் "இதை எறிவோமா" என்று கேட்டால் விடை தெரிந்ததே. "இதை யாருக்குக் கொடுக்கலாம் மாமி?" என்று கேட்டால் அவரே மூன்று பேரின் பெயர் சொல்வார்.

அட்டவணை

பொருளை விட நேரம்தான் கடினம். பங்களாவில் ஒரு குழம்பு, ஒரு சுண்டல், ஒரு சம்பல் என்று யாரும் குறை சொல்லாமல் சாப்பிட்டார்கள். வார நாட்களில் வீட்டிலும் அதே மூன்று போதும், நாலாவது கறி ஞாயிற்றுக்கிழமைக்கு. இரவுச் சாப்பாட்டைக் கிழமைக்குக் கட்டிவிடுங்கள்: திங்கள் பிட்டு, செவ்வாய் தோசை, புதன் கடை இடியப்பமும் சொதியும், வியாழன் பாணும் பருப்பும், வெள்ளி மரக்கறிச் சோறு. செவ்வாயும் வெள்ளியும் மச்சம் சேர்க்காத வீடுகளில் பாதி முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டதுதான், மீதியையும் எடுத்துவிட்டால் பின்னேரம் ஐந்து மணியின் தலையிடி போகும்.

போன்கள் இரவு ஒன்பதுக்கு ஹோலில் ஒரே இடத்தில் சார்ஜில். அறைகளுக்குள் சார்ஜர் இருக்கக்கூடாது, பெரியவர்களின் அறையிலும்தான். ரியூஷனைப் பற்றிச் சொல்லப் பயமாக இருக்கிறது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில், சாதாரண தரம் என்று வருடம் வந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். மற்ற வருடங்களிலாவது கிழமையில் ஒரு பின்னேரத்தை ஒன்றும் இல்லாமல் விடுங்கள். அதற்குள் நீச்சலையோ சங்கீதத்தையோ செருகினால் அது இன்னொரு வகுப்பு.

வெளியே போகிற சாமான்

2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து வீடுகளைப் புதைத்தது. கொழும்பில் எறிவது எங்கோ மறைந்துவிடாது, யாரோ ஒருவரின் வீட்டுக்குப் பக்கத்தில் போய்க் குவியும். உக்கக்கூடியது, காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி என்று தரம் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும். பெரிய ஒதுக்கல் நடக்கும் கிழமையில் எல்லாவற்றையும் ஒரே நாளில் வாசலில் வைத்தால் எடுக்காமல் போய்விடுவார்கள். பழைய பத்திரிகையும் போத்தலும் வாங்குகிறவர் நிறுத்து எடுப்பார், அவர் வரும் நாள் தொடர்மாடிக் காவலாளி ஐயாவுக்குத் தெரியும்.

"ஊருக்கு அனுப்பலாம்" என்று கதவருகே கட்டி வைத்த மூட்டை மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும் பழக்கத்தை நிறுத்த ஒரு வழி உண்டு. யாருக்கு என்று பெயர் எழுதாத மூட்டையைக் கட்டாதீர்கள். போனில் படம் அனுப்பி, வேண்டும் என்று அவர்கள் சொன்னதை மட்டும் தோய்த்து, பொத்தான் தைத்து, பஸ் பார்சலில் போடுங்கள். கிழிந்ததை அனுப்புவது உதவியல்ல. பருத்தி என்றால் வெட்டி நிலம் துடைக்க வைத்துக்கொள்ளலாம். கடந்தகால வினாத்தாள்களும் பயிற்சிப் புத்தகங்களும் ஒரு வகுப்புக் கீழே படிக்கும் பிள்ளைக்கு அந்த வருடமே போக வேண்டும், பாடத்திட்டம் மாறினால் அது நிறைக்கு விற்கும் காகிதம்.

சோபா, கட்டில், பழைய அலுமாரி போன்றவற்றை விற்பதாகச் சொல்லி ஆள் வருவதற்கு முன் லிப்டின் கதவையும் உட்பக்கத்தையும் அளந்து பாருங்கள். பல தொடர்மாடிகளில் அலுமாரி லிப்டுக்குள் நிற்காது, கழற்றித்தான் இறக்க வேண்டும். கழற்றும் ஆளையும் லொறியையும் ஒரே நாளுக்குச் சொல்லி, முகாமையாளரிடம் லிப்ட் நேரத்தை முதல்நாளே கேட்டு வையுங்கள். காலை பத்துக்கும் மதியம் பன்னிரண்டுக்கும் இடையில் லிப்டுக்கு நெரிசல் குறைவு.